நாற்பது டெப்பா, திறந்திருக்கும் ஒரு நூலகமா? வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஊராருக்குச் சில வார்த்தைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். வாசிப்பைப் பற்றிய பதிவையே வாசிக்காமல் "மாஷா அல்லாஹ், நல்ல பதிவு" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

விஷயம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரமாக ஊரின் வட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. "நமது பிள்ளைகள் வாசிப்பதில்லை. பாடசாலைக்கு 40 ரீடிங் டெப் வாங்கிக் கொடுப்போம்." கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் நமது சகோதரர்கள் பத்து நாளைக்குள் 16 இலட்சம் ரூபாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அல்லாஹ் அவர்களின் உழைப்பில் பறக்கத் செய்யட்டும். வெயிலில் நின்று உழைத்த காசு அது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஆசிரியர் ஓய்வறையில் நாங்கள் சிலர் "கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் செய்வோம்" என்று சொன்னோம். அது வெளியே போகும்போது "ஆசிரியர்மார் எதிர்க்கிறார்களாம், பிள்ளைகள் முன்னேறுவது பிடிக்கவில்லையாம்" என்று ஆகிவிட்டது. ஒரு காக்கா குரல் பதிவு போட்டு எங்களைப் "பழைய காலத்து ஆக்கள்" என்றார். எங்களில் யாருக்கும் இன்னும் நாற்பது வயதாகவில்லை. எங்களில் ஒருவரிடம் மூன்று வருடமாக ஒரு கிண்டில் இருக்கிறது. நாங்கள் மாறி மாறி அதில் வாசித்திருக்கிறோம். ஆகவே தெரியாததைப் பற்றிப் பேசவில்லை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கருவியின் நன்மைகள்

கிண்டில், கோபோ போன்ற வாசிப்புக் கருவிகளின் திரை போன் திரையைப் போன்றதல்ல. அதை மின்மை என்பார்கள். தலைமுடியின் தடிப்பே உள்ள நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் இருக்கும். மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்துகிறது. ஒருமுறை எழுத்து அமைந்துவிட்டால் அது அப்படியே நிற்கும். பக்கம் புரட்டும்போதுதான் பெரும்பாலும் மின்சாரம் செலவாகும். அதனால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் போகும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்துக்கு ஏற்ற கருவி இது. கடற்கரை வெயிலில் வைத்தாலும் தாளைப் போலத் தெளிவாகத் தெரியும்.

ஒரு கைக்குள் அடங்கும் கருவியில் ஆயிரம் நூல்களை வைக்கலாம். ஆங்கிலச் சொல் ஒன்று விளங்கவில்லையா, அதன் மேல் விரலை வைத்தால் அகராதி பொருள் சொல்லும். ஆங்கிலம் என்றாலே பயப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். தாளை மட்டும் நம்பியிருப்பதும் ஆபத்துத்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்தையும் இந்த நாடு கண்டிருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. 2004 டிசம்பர் 26 எங்கள் கரைக்கு என்ன செய்தது என்று நாங்கள் எழுதத் தேவையில்லை. அப்போது நாங்கள் பாடசாலை மாணவர்கள். தண்ணீர் வற்றிய பிறகு மதில் மேல் விரித்துக் காயவைத்த புத்தகங்களின் உப்பு நாற்றம் இன்றும் மூக்கில் நிற்கிறது. அவற்றில் பாதி காய்ந்தும் திறக்க முடியாமல் கட்டியாகிப் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் போன்ற முயற்சிகள் இலங்கைத் தமிழ் நூல்களையும் நமது முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களையும் எண்ணிம வடிவில் காப்பாற்றி வைத்திருப்பது எவ்வளவு பெரிய சேவை என்று அந்த நாற்றத்தை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது எங்களைக் குற்றவாளியாக்கும் கதை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஏழாம் தரத்தில் ஒரு பெண்பிள்ளை. வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். நாங்களும் "வாசிப்பு வராத பிள்ளை" என்று முடிவுகட்டி, பின்வாங்கில் இருத்தி வைத்திருந்தோம். ஒருநாள் கொப்பி அடுக்க ஓய்வறைக்கு வந்தவள் மேசையில் கிடந்த கிண்டிலைப் பார்த்தாள். எழுத்துப் பெரிதாக வைக்கப்பட்டிருந்தது. யாரும் கேட்காமலே ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள், தடங்கல் இல்லாமல். "டீச்சர், இதுல எழுத்து பெருசா இருக்கு" என்றாள். பிறகு கண் வைத்தியரிடம் காட்டியபோதுதான் அவளுக்கு எவ்வளவு பார்வைக் குறைவு என்று தெரிந்தது. இரண்டு வருடமாக அவளுக்கு வராமல் இருந்தது வாசிப்பு அல்ல, எழுத்து. கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் உளவியல் படித்த எங்களுக்குத் தெரியாமல் போனதை அந்தக் கருவி ஐந்து நிமிடத்தில் காட்டியது. ஆகவே கருவிக்கு நாங்கள் எதிரி அல்ல.

முதல் கேள்வி: நீங்கள் வாங்கப்போவது எது?

கேள்விமனு என்று குழுவில் போட்ட தாளைப் பார்த்தோம். அதில் இருப்பது மேலே நாங்கள் சொன்ன கருவியே அல்ல. அது வர்ணத் திரை உள்ள சாதாரண அண்ட்ரொய்ட் டெப். அதில் "ரீடிங் மோட்" என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். அந்தப் பொத்தான் திரையின் நிறத்தை மங்கலாக்கும், அவ்வளவுதான். திரை அதே திரை. யூடியூப் அதே யூடியூப். கேம் அதே கேம்.

2020, 2021 கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஸூம் வகுப்புக்கு என்று உம்மாமார் காதில் கிடந்ததை அடகு வைத்துப் போன் வாங்கினார்கள். "படிப்புக்கு மட்டும்தான்" என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினார்கள். அந்தப் போன்கள் இன்று யார் கையில், எதற்காக, இரவு எத்தனை மணி வரை இருக்கின்றன என்று எங்களைக் கேட்க வேண்டாம். சுப்ஹுக்கு எழுப்ப முடியாமல் நிற்கும் உம்மாமாரைக் கேளுங்கள். அதே பிழையை இந்த முறை சதக்காக் காசில் செய்யப் போகிறோமா?

"சரி, அப்படியென்றால் உண்மையான வாசிப்புக் கருவியையே வாங்குவோம்" என்று சொல்வீர்கள். வாங்கலாம். அதற்கும் சில கேள்விகள் இருக்கின்றன.

இரண்டாவது: அதில் எதை வாசிப்பது?

அமேசன் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். இன்று அங்கே தமிழ் நூல்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை தமிழ்நாட்டு நூல்கள், அதிலும் பெரியவர்களுக்கானவை. நமது ஊர் மொழியில், நமது வீடுகளைப் பற்றி, நமது எழுத்தாளர்கள் எழுதியது அங்கே அருமை. அவற்றில் பல நூலகம் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆனால் அவை ஸ்கேன் செய்த பக்கங்கள். ஆறு அங்குலத் திரையில் முழுப்பக்கமும் சுருங்கி எறும்பு வரிசை மாதிரித் தெரியும். இந்தக் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்து அமைவது உண்மையான எழுத்துக் கோப்பில்தான். ஸ்கேன் செய்த படத்தில் அது நடக்காது. பெரிதாக்கி, இழுத்து, மறுபடி இழுத்து, ஒரு பக்கம் வாசித்து முடிக்கும்போது அஸருக்குப் பாங்கு சொல்லிவிடும். நாங்கள் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

பாடநூலை அதில் போடலாம் என்றார் ஒருவர். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் இருப்பது உண்மை. ஆனால் விஞ்ஞானப் படமும் புவியியல் வரைபடமும் வர்ணத்தில் இருக்கின்றன. சாதாரண வாசிப்புக் கருவி கறுப்பு வெள்ளை. ஆறு எது, வீதி எது என்று வரைபடத்தில் பிள்ளை எப்படிப் பிரித்துப் பார்க்கும்? பாடநூலைத்தான் அரசாங்கம் தாளில் அச்சடித்து இலவசமாகவே தருகிறதே.

மூன்றாவது: வாங்கிய நூல் யாருடையது?

கடையில் புத்தகம் வாங்கினால் அது உங்களுடையது. கொடுக்கலாம், விற்கலாம், பள்ளிவாசலுக்கு வக்ஃப் செய்யலாம். அமேசனில் காசு கொடுத்து வாங்கும் மின்னூல் அப்படியல்ல. அது வாசிப்பதற்கான அனுமதி மட்டும்தான். 2009 ஜூலையில் அந்த நிறுவனம், உரிமைப் பிரச்சினை என்று சொல்லி, வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜோர்ஜ் ஓர்வெலின் நூல்களை அவர்களின் கருவிகளில் இருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆனால் எட்ட இருந்து கை நீட்டி உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்து நூலை எடுக்க முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2025 பெப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி மூலம் மாற்றும் வசதியையும் நிறுத்தினார்கள்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் உலமாக்கள் அல்ல. ஆனால் கருவியின் பின்னால் "வக்ஃப்" என்று ஸ்டிக்கர் ஒட்டப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெளியுங்கள். நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை வக்ஃப் செய்ய முடியுமா? நாற்பது கருவிக்கும் கணக்குத் திறப்பது யாருடைய பெயரில், யாருடைய வங்கி அட்டையில்? அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்த நூல்களின் கதி என்ன?

நான்காவது: மற்ற நாடுகளில் என்ன நடந்தது?

கானாவில் 2010இல் வேர்ல்ட்ரீடர் என்ற தொண்டு நிறுவனம் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிண்டில் கொடுத்துப் பார்த்தது. பிள்ளைகள் கூடுதலாக வாசித்தார்கள், ஆரம்பப் பிரிவில் வாசிப்பு முன்னேறியது. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த முதல் முயற்சியில் கொடுத்த கருவிகளில் சுமார் 40 வீதம் உடைந்துபோயின, பெரும்பாலும் திரைதான். இங்கே உடைந்தால் திரை மாற்ற எந்தக் கடைக்குப் போவது?

பெரு நாட்டில் அரசாங்கமே இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு மடிகணினி கொடுத்தது. 2012இல் வெளியான மதிப்பீடு, கிராமப்புறத்தில் 319 பாடசாலைகளைப் பார்த்துவிட்டு, கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை என்றது. 2018இல் வந்த இன்னோர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தகவல் தரும் பாடங்களைத் திரையில் வாசிப்பவர்களைவிடத் தாளில் வாசிப்பவர்கள் நன்றாக விளங்கிக்கொள்கிறார்கள், கதை வாசிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. ஆக, கதை வாசிக்கக் கருவி கெடுதி இல்லை. படித்து விளங்க வேண்டியதற்குத் தாள் நல்லது. நியாயமாகப் பார்த்தால் வரும் விடை இதுதான்.

ஐந்தாவது: எங்கள் பாடசாலை நூலகத்தின் சாவி எங்கே?

இதுதான் முக்கியமான கேள்வி. இதை யாரும் கேட்கவில்லை. நாங்களே கேட்டு நாங்களே பதில் சொல்கிறோம்.

எங்கள் பாடசாலையில் நூலகம் இருக்கிறது. பெயர்ப்பலகையும் இருக்கிறது. உள்ளே இரண்டு வருடமாக ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் மேலதிக வகுப்பு நடக்கிறது. புத்தகங்கள் நான்கு அலுமாரிகளுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதத்துக்குத் திறந்து, துடைத்து, பேனர் கட்டிப் படம் எடுத்துவிட்டு மறுபடி பூட்டுகிறோம்.

சாவி யாரிடம்? எங்களிடம்தான். ஏன் பூட்டினோம்? வருடக் கணக்கெடுப்பு வரும்போது ஒரு புத்தகம் குறைந்தாலும் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் பூட்டினோம். பிள்ளை வாசிக்காமல் போனால் யாரும் எங்களிடம் விளக்கம் கேட்பதில்லை. புத்தகம் தொலைந்தால் கேட்கிறார்கள். அதனால் புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன, பிள்ளைகள்தான் தொலைந்துவிட்டார்கள்.

இப்போது யோசியுங்கள். ஐந்நூறு ரூபாப் புத்தகத்தையே பயத்தில் பூட்டி வைத்த நாங்கள், நாற்பதாயிரம் ரூபாக் கருவியைத் திறந்து வைப்போமா? திறப்பு விழா நடக்கும். பிரமுகர் வருவார். பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுப்போம். அந்தப் படம் கட்டாருக்கும் போகும். திங்கட்கிழமை அதே கருவிகள் அதே அலுமாரிக்குள் போகும். பூட்டிய அலுமாரிக்குள் பட்டறிகள் தாமாகச் செத்துக்கொண்டிருக்கும். இது ஊகம் அல்ல. கணினி அறையின் சாவியும் இப்படித்தான் இருக்கிறது.

நோய் கருவி இல்லாமை அல்ல சகோதரர்களே. பிள்ளையை நம்பிப் பொருளைக் கொடுக்க நாங்கள் பயப்படுகிறோம், நோய் அதுதான். அதற்கு மருந்து நாற்பது டெப் அல்ல.

இன்னொன்று. ஒரு புத்தகம் வீட்டுக்குப் போனால் தனியாக வாழாது. தம்பி படம் பார்ப்பான், ராத்தா முழுதாக வாசிப்பாள், உம்மா சோறு வேகும் வரை நாலு பக்கம் புரட்டுவா. நாங்கள் சின்ன வயதில் வாசித்த புத்தகங்கள் இப்படி ஐந்து வீடு சுற்றி அட்டை இல்லாமல் வந்தவைதான். விலைகூடிய கருவி அப்படிச் சுற்றாது. "தொடாதே, உடைஞ்சிரும்" என்ற சத்தத்தோடு அலுமாரி மேலே ஏறிவிடும்.

ஆகவே எங்கள் யோசனை

வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவது எங்களுக்கு அழகல்ல. அதே 16 இலட்சத்தை வைத்துக் கணக்குப் போட்டோம்.

ஒன்று: நூல்கள், 8 இலட்சம். ஒரேயடியாக அல்ல, வருடம் 2 இலட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு. ஒரு நூல் சராசரி 500 ரூபா என்று வைத்தால் 1,600 நூல்கள். தெரிவை ஆசிரியர்கள் மட்டும் செய்யக் கூடாது. பிள்ளைகள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

இரண்டு: நூலகத்தைப் பார்த்துக்கொள்ள ஏ.எல் முடித்த ஊர்ப் பிள்ளை ஒருவர். பாடசாலை விட்ட பிறகு பின்னேரம் ஐந்து மணி வரை. மாதம் 15,000 ரூபா, இரண்டு வருடத்துக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். யாரும் தன் பெயரை ஸ்டிக்கர் அடித்து ஒட்ட முடியாத செலவு இது. ஆனால் இது இல்லாமல் கதவு திறக்காது.

மூன்று: உண்மையான மின்மைக் கருவி ஆறு, 2 இலட்சத்து 40 ஆயிரம். நூலகத்துக்குள்ளேயே இருக்கட்டும். பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு முதலிடம், பிறகு ஆங்கிலம் வாசிக்கும் ஏ.எல் மாணவருக்கு. கணக்குப் பிரச்சினை இல்லாத இலவச நூல்களை அதில் நிரப்பலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தருகிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் ஆறு அங்குலத் திரைக்கென்றே தயாரித்த கோப்புகளைத் தருகிறது. ஆறு கருவியும் ஒரு வருடத்தில் தேயத் தேயப் பாவிக்கப்பட்டால், அடுத்த வருடம் இன்னும் ஆறு கேட்டு நாங்களே உங்கள் வாசலுக்கு வருவோம்.

நான்கு: அறை திருத்தம், திறந்த தட்டுகள், பாய், மின்விசிறி, 2 இலட்சம்.

கூட்டிப் பாருங்கள், சரியாக 16 இலட்சம்.

இவற்றோடு காசு செலவில்லாத இரண்டு தீர்மானங்களும் வேண்டும். புலமைப்பரிசில் வகுப்புக்கு வேறு அறை. வருடத்துக்குப் பத்து வீதம் புத்தகம் தொலைந்தால் யாரையும் குற்றம் பிடிப்பதில்லை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அதைப் பொறுப்பேற்கும் என்று எழுத்தில் ஒரு வாக்குறுதி. அந்தத் தாள் கையில் கிடைத்த அன்றே அலுமாரிகளைத் திறக்கிறோம். திறக்காவிட்டால் எங்கள் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கொடுப்பது சதக்கத்துல் ஜாரியாவாக இருக்க வேண்டும் என்றுதான் நிய்யத் வைத்தீர்கள். ஜாரியா என்றால் ஓடிக்கொண்டிருப்பது. பூட்டிய அலுமாரிக்குள் எதுவும் ஓடாது, அது தாளாக இருந்தாலும் சரி, டெப்பாக இருந்தாலும் சரி. உங்களுக்குப் படம் அனுப்புவதை விட, மாதம் ஒருமுறை எத்தனை பிள்ளைகள் எத்தனை நூல் எடுத்தார்கள் என்ற கணக்கை அனுப்புகிறோம். அதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

எங்களோடு ஒத்துப்போகாதவர்கள் வெள்ளிக்கிழமை வாருங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு, பாடசாலை பிரதான மண்டபம். எங்கள் கணக்கில் பிழை இருந்தால் சபையில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். குழுவுக்குள் குரல் பதிவு போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். உம்மாமாரையும் கூட்டி வாருங்கள், அவர்களுக்கும் மண்டபத்தில் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் பிள்ளையும் போனும் எப்படி என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

அந்தப் பெண்பிள்ளை இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். முன்வாங்கில் இருக்கிறாள். போன கிழமை ஓய்வறைக்கு வந்து, "டீச்சர், லைப்ரரி எப்ப திறப்பீங்க?" என்று கேட்டாள். "இன்ஷா அல்லாஹ், சீக்கிரம்" என்று சொல்லிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை எங்களைப் பொய்யராக்கிவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.